முதலில் சாப்பாடு, பிறகு சண்டை

கண்ணு,

நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. தினமும் போனில் அதைத்தானே கேட்கிறேன்? நீயும் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேன்" என்று நான் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறாய். நேற்றுத்தான் நீ என்னைக் கேட்டாய், கூட்டம் எப்படி நடந்தது, எல்லாரும் வந்தார்களா என்று. நான் "அப்புறம் பேசறேன் கண்ணு, அடுப்புல பால் இருக்குது" என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் வைத்தேன். நீ அங்கே புவனேஸ்வரத்தில் உட்கார்ந்துகொண்டு, நீ கிளம்பிப் போனதும் எல்லாம் கலைந்து போய்விட்டது போலிருக்கிறது என்று தலையில் கை வைத்திருப்பாய். கையை எடு. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அதை என் வாயால் நீ கேட்டதில்லை. வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லி உங்கப்பா யோசனை சொன்னார். அப்படி அனுப்பினால் பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்துவார். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ டாக்டருக்குப் படித்து, அதற்கு மேலும் படித்து ஊருக்கு வந்தபோது, நம் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் ரோட்டைப் பார்த்தாற்போல் இருக்கும் காலி இடத்தில் உனக்கு ஒரு கிளினிக் கட்டிவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். போர்டில் உன் பெயரை எந்தக் கலரில் எழுதுவது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். நீயோ கிளினிக்கே வேண்டாம் என்றாய். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற அரசாங்க நர்ஸுகள், சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள், தடுப்பூசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள், எல்லாரும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரிவதில்லை, அவர்களை ஒன்றாக உட்கார வைப்பதுதான் என் வேலை என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கூட்டி உட்கார வைப்பது ஒரு வேலையா? முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நானும் உங்கப்பாவும் அதைத்தானே செய்கிறோம், அதற்கு எதற்கு எம்.பி.பி.எஸ். என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

அந்தச் சமயத்தில்தான் கோபியிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் நம் வீடு பார்க்க வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? சம்பந்தம் முடிவாகாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டோம், சாப்பாடு என்ன, காப்பிகூடக் குடிக்க மாட்டோம். ஆனாலும் டாக்டர் மாப்பிள்ளையை யார் வேண்டாம் என்பார்கள், எப்படியும் பேசி முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் பெரிய பாத்திரம் நிறையக் கச்சாயப் பலகாரம் சுட்டு வைத்திருந்தேன். பெண்ணின் பெரியப்பா, "மாப்பிள்ளை எங்கீங்க பிராக்டீஸ் பண்றாரு?" என்று கேட்டார். என்ன சொல்வது? "கூட்டம் போடறானுங்க" என்றேன். கட்சியில் இருக்கிறாரா என்று அவர் திருப்பிக் கேட்டார். நீ விளக்கிச் சொல்லச் சொல்ல எல்லாரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். கடைசியில், "ஆகட்டுங்க, ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்துவிட்டார்கள். நம் ஊரில் இந்த ஆகட்டுங்கவுக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி ஒருவர் மனதை நோகடிக்க நம் ஆட்களுக்கு வராது. ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தக் கச்சாயத்தை நாம் ஒரு வாரம் வைத்துத் தின்றோம்.

நீ சொன்ன வேலை என்னவென்று எனக்கு விளங்கியது பிங்கிக்கு உடம்புக்கு வந்த பிறகுதான். மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் நூல் மில் குவார்ட்டர்ஸில் அவள் குடும்பம் இருந்தது, ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். முகூர்த்த நாட்களில் அவள் அம்மா நம்மிடம் பாத்திரம் கழுவ வருவாள், பிங்கி சாப்பாட்டு ஹாலில் ஓடி விளையாடிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அந்தக் குழந்தை காய்ச்சலோடு, கழுத்து வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தாள். நீதான் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாய். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடை மாதிரி படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். உன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. நீயே காரில் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடினாய். பிழைத்துக்கொண்டாள், சாமி புண்ணியம், அங்கே பார்த்த டாக்டர்கள் புண்ணியம். அப்புறம் விசாரித்துப் பார்த்தால் யார் மேலும் பழி போட முடியவில்லை. முதல் ஊசியை அவர்கள் ஊரில் போட்டிருக்கிறார்கள். இங்கே வந்த பிறகு அடுத்ததை, உனக்கே சின்ன வயதில் ஊசி போட்ட நம் பெரிய டாக்டர் போட்டிருக்கிறார். மீதியைத் துணை சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று அவர் நினைத்தார். அங்கே இருக்கும் ஜெயமேரி சிஸ்டரோ, இது டாக்டர் பார்க்கிற குழந்தை, அவரே போட்டுவிடுவார் என்று நினைத்தார். இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தை கீழே விழுந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நீ ஓரிடத்தில் உட்காரவில்லை. டாக்டர்களை, நர்ஸுகளை, கோயமுத்தூரில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிற அந்த மேடத்தை, நாம் லேப் மேடம் என்று பெயர் வைத்தோமே அவரை, எல்லாரையும் ஓரிடத்தில் கூட்ட வேண்டும் என்று அலைந்தாய். அரசாங்க ஆபீஸில் வைத்தால் தனியார் டாக்டர்கள் வரத் தயங்கினார்கள். கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் ஏதாவது ஏசி ஹோட்டலில் வைத்தால் கிராமத்து நர்ஸுகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்க மாட்டார்கள் என்றாய். நான்தான், ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாமல் மண்டபம் சும்மா கிடக்கிறது, இங்கே வைத்துக்கொள் என்றேன். கல்யாண மண்டபத்தில் யாரும் யாருக்கும் அதிகாரி கிடையாது பார். அதை மட்டும் நீ மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாய்.

வந்தவர்கள் பெண் வீட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரிதான் உட்கார்ந்தார்கள். டாக்டர்கள் ஒரு பக்கம், நர்ஸுகள் ஒரு பக்கம், லேப் மேடமும் அவருடைய மாணவிகளும் போட்டோ எடுக்க வந்தவர்கள் மாதிரி ஓரத்தில். நீ பிங்கியைப் பற்றிச் சொன்னாய். கிளினிக்கில் போடுகிற ஊசி நர்ஸுக்குத் தெரிய வேண்டும், நர்ஸ் போடுவது டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றாய். ஆகட்டுங்க என்றார் பெரிய டாக்டர். ஆகட்டுங்க சார் என்றார் ஜெயமேரி சிஸ்டர். லேப் மேடம், போட்ட ஊசியின் பலம் குழந்தைகளின் உடம்பில் எவ்வளவு காலம் நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாருக்கு எப்போது மறுபடி போட வேண்டும், இன்னும் நல்ல ஊசியை எப்படிச் செய்வது என்றெல்லாம் சொல்ல முடியும், அதற்கு ஊசி போட வருகிற குழந்தைகளிடம் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். அதற்கும் எல்லாரும் ஆகட்டுங்க என்றார்கள். பிறகு அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றிச் சாப்பிட்டு, கைப்பக்குவத்தைப் பாராட்டி, வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு சத்தம் இல்லை, சச்சரவு இல்லை, இப்படி ஒரு விசேஷம் நம் மண்டபத்தில் நடந்ததே இல்லை என்று உன்னிடம் சொன்னேன். நீ நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாய். புரட்டாசி வரைக்கும் எந்த டாக்டரும் எந்த நர்ஸுக்கும் போன் பண்ணவில்லை. மேடத்துக்கு ஒரு சொட்டு ரத்தம் கிடைக்கவில்லை. கோபிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போன அதே ஆகட்டுங்கதான் இது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புரட்டாசியில் மறுபடி கூட்டினாய். அன்றைக்கு ஜெயமேரி சிஸ்டர் வரும்போதே முகம் சரியில்லாமல் வந்தார். பேச்சு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது எழுந்து நின்று, "கோவிச்சுக்காதீங்க சார். உங்க கிளினிக்குல போடறதை எங்களுக்குச் சொல்றதே இல்லீங்க. நாளைக்கு இன்னொரு பிங்கி வந்தா எங்க தலையிலதானுங்க விடியும்" என்று சொல்லிவிட்டார். பெரிய டாக்டர் எழுந்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா நான் பார்த்த புள்ளைங்களுக்கெல்லாம் கெடுதல்தான் பண்ணியிருக்கறனுங்களா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் நம் ஆட்கள் கும்பிடு போடாமல் போக மாட்டார்கள்.

சாப்பாட்டு ஹாலில் இலை போட்டாயிற்று. நம் இடத்துக்கு வந்த மனிதர் கை நனைக்காமல் போகிறாரே என்று எனக்கு உயிரே போய்விட்டது. "ஏனுங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று கரண்டியும் கையுமாகப் பின்னாலேயே ஓடினேன். கார்க் கதவைப் பிடிக்கப் போன என் கையை நீ பிடித்துக்கொண்டாய். "விடுங்கம்மா. இன்னிக்குத்தான் அவரு மனசுல இருக்கறதைப் பேசியிருக்காரு" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் போன பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, ஜெயமேரி சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் உன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். கடைசியில் வயிற்றெரிச்சலில், "அடுத்த தடவை மொதல்ல சோத்தைப் போட்டுப்போடறேன். கை நனைச்சதுக்கப்புறம் எப்படி எந்திரிச்சுப் போறாங்கன்னு பார்க்கறேன்" என்று கத்தினேன். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றாய். கேலி பண்ணுகிறாய் என்று நினைத்து நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நீ கேலி பண்ணவில்லை. மார்கழிக் கூட்டத்துக்கு, வந்தவர்களை நேராகச் சாப்பாட்டு ஹாலுக்கே கூட்டிக்கொண்டு போனாய். பெரிய டாக்டரை நீயே வீட்டுக்குப் போய் அழைத்து வந்திருந்தாய். அங்கே என்ன பேசினீர்கள் என்று இன்றுவரைக்கும் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அவர் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலையில் வேண்டுமென்றே ஜெயமேரி சிஸ்டரை உட்கார வைத்திருந்தாய். நான் போய் நெய் ஊற்றினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு சாதத்தைப் பிசைந்தார். கை கழுவி வந்த பிறகு அதே ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு நீ சொன்னாய், "இன்னிக்கு யாரும் ஆகட்டுங்கன்னு சொல்ல வேண்டாமுங்க. உங்களால எது முடியாதோ அதை மட்டும் சொல்லுங்க."

முதலில் பெரிய டாக்டர்தான், மாதாமாதம் ஃபாரம் நிரப்பி அனுப்புவது என்னால் முடியாதுங்க என்றார். ஆனால் ஊசி போட்ட அன்றைக்கே சிஸ்டருக்குப் போன் பண்ணச் சொல்லிவிட முடியும் என்றார். போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லையே என்று இன்னொரு டாக்டர் கேட்க, அது நிஜம்தான் என்று ஜெயமேரி சிஸ்டர் ஒப்புக்கொண்டார். அப்புறம் அவர் லேப் மேடத்தின் பக்கம் திரும்பி, ஊசி போடுகிற இடத்தில் ரத்தம் எடுக்க முடியவே முடியாது, எடுத்தால் அடுத்த ஊசிக்கு எந்தத் தாயும் வர மாட்டாள் என்றார். ரத்தம் இல்லாமல் என்னாலும் முடியாது என்றார் மேடம். சாயங்காலம் வரைக்கும் போட்டுத் தாளித்துக்கொண்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. ஊசி போடும் நாளில் வேண்டாம், வேறொரு நாளில், நம் மண்டபத்தில், முறையாக அனுமதி வாங்கி, சம்மதிக்கிற அம்மாக்களின் குழந்தைகளிடம் மட்டும் எடுப்பது, என்ன தெரிந்தது என்பதை அந்த அம்மாக்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லியாக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கடைசி விஷயத்துக்கு மேடம் சம்மதிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ செய்தது, உனக்கே தெரியும். ஆனால் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிந்து, மில் குவார்ட்டர்ஸில் சில குழந்தைகளுக்கு இன்னும் ஓர் ஊசி வேண்டும் என்று தெரிந்து, அவர்களை மண்டபத்துக்கு வரச் சொன்னோம் அல்லவா? மேடம் தனக்குத் தெரிந்த இந்தியில் அம்மாக்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார், பெரிய டாக்டர் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொள்ள, ஜெயமேரி சிஸ்டர் ஊசி போட்டார். பிங்கி, பெரிய மனுஷி மாதிரி, அழுகிற குழந்தைகளுக்கெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காலி இடத்தில் நீ கிளினிக் கட்டியிருந்தால் இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இன்றைக்கும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் வழக்கத்தில் இல்லை. ஆனாலும் சொல்கிறேன் கண்ணு, நீ என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு நன்றி. கோபத்தில் நான் கத்திய ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டதற்கும் நன்றி.

பிங்கியின் முதல் ஊசி போட்டது அவர்கள் ஊரில், அந்தப் பக்கமும் பேச ஆள் வேண்டும் என்று ஆனி மாசம் நீ ஒடிசாவுக்கு ரயிலேறினாய். போகும்போது யாரையும் தலைவராக வைக்கவில்லை. இனி யார் கூட்டுவார்கள் என்று கேட்டேன். "அவங்களே வருவாங்கம்மா" என்றாய். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆடி பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்ட நாள், எதற்கும் இருக்கட்டும் என்று அரிசிம்பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள் கண்ணு. எல்லாரும் வந்தார்கள். சாப்பிட்டார்கள். வட்டமாக உட்கார்ந்தார்கள். தம்பி எப்படி இருக்காருங்க, அங்கே சாப்பாடெல்லாம் ஒத்துக்கிச்சுங்களா என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். நீ உட்காருகிற நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அப்புறம் லேப் மேடம், இந்த வருஷம் பல்லடம் பக்கத்து மில்களிலும் ஆரம்பிக்கலாம் என்றார். பெரிய டாக்டர், "ஆகட்டுங்க" என்றார். ஜெயமேரி சிஸ்டரும், "ஆகட்டுங்க மேடம்" என்றார். நீ இல்லை என்றதும் பழையபடி மரியாதை வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்தது. அடுத்த பிங்கி மறுபடி நடுவில் விழுவாள்.

உன் கூட்டத்தில் நான் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னால ஒண்ணு முடியாதுங்க" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "ஆகட்டுங்கன்னு சொல்றவங்களுக்கு இந்த மண்டபத்துல இன்னொரு தடவை என்னால சோறு போட முடியாதுங்க. எம் பையன் ஊர்ல இல்லீன்னு ஏமாத்தப் பார்க்காதீங்க." வாசலில் நின்ற உங்கப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரிய டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோள் குலுங்கியது. பார்த்தால் மனிதர் சிரிக்கிறார். "கை நனைச்சாச்சு, இனி பொய் சொல்ல முடியாதுங்க. மேடம், பல்லடம் இந்த வருஷம் முடியாது" என்றார். ஏன் முடியாது என்று ஜெயமேரி சிஸ்டர் கேட்டார் பார், அதற்குப் பிறகு நான் விளக்கு வைக்கப் போகும் வரைக்கும் சத்தம் ஓயவில்லை. பல்லடத்தில் ஆரம்பிக்கப் போகிறார்கள். எப்படி என்று அவர்களே உனக்குச் சொல்வார்கள், ஆளுக்கொரு விதமாக.

கிளம்பும்போது பெரிய டாக்டர் நேராக என்னிடம் வந்தார். பேசியது அதிகம் என்று கோபித்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "ஏனுங்கம்மா, புரட்டாசியிலயும் கூட்டம் உண்டுதானுங்க?" என்று கேட்டார். உண்டுங்க என்றேன். "சித்த முன்னாடியே வந்துர்றனுங்க. அந்த சிஸ்டரோட எனக்கு இன்னும் சண்டை பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைத்தான் கண்ணு என்னால் போனில் சொல்ல முடியவில்லை.

நீ போயிருக்கிற ஊரிலும் ஆகட்டுங்கவுக்கு ஒரு வார்த்தை இருக்கும். முதலில் அதைத் தெரிந்துகொள். அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டு, அதைச் சமைத்துப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பி. வேளாவேளைக்கு நீயும் சாப்பிடு, இளைத்துப்போனால் வீடியோ காலில் தெரிந்துவிடும். இன்னொன்று. வருகிற ஆவணியில் நம் மண்டபத்தில் அந்தக் கோபிக்காரர்களுக்கு வேண்டியவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று இருக்கிறது. பெரியப்பா கட்டாயம் வருவார், உங்க பையன் இப்ப எங்கீங்க பிராக்டீஸ் பண்றாரு என்று கட்டாயம் கேட்பார். இந்தத் தடவை முழிக்க மாட்டேன். கொழந்தைங்க பொழைக்கறதுக்காக, நல்லவங்களையெல்லாம் ஒண்ணா உட்கார வெச்சுச் சண்டை மூட்டி விடறானுங்க என்று சொல்லப் போகிறேன்.

உன் அம்மா